நோட்புக்எல்எம்: ஏரிக் குறிப்புகளை உள்ளே போட்டுப் பார்த்த அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் குறிப்புகளை அடுக்கித் தருகிறேன், டேக் போட்டுத் தருகிறேன், ஃபோல்டர் பிரித்துத் தருகிறேன் என்று வரும் ஏஐ ஆப்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் நாம் சேர்த்து வைத்த குவியலுக்குள் தேடி, கேட்ட கேள்விக்கு "இதோ, இந்தப் பக்கத்தில் இருக்கிறது" என்று எடுத்துக் காட்டுவது வேறு வேலை. அந்த வேலையைக் கூகுளின் நோட்புக்எல்எம் நன்றாகவே செய்கிறது. தமிழில் குறிப்பு சேர்ப்பவர்களுக்கு மட்டும் அதற்கு முன்னால் கொஞ்சம் கூலி வேலை இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது என்ன மாதிரிச் சரக்கு என்று தெரிந்தால்தான் இந்த விமர்சனம் உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்க முடியும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகளைப் பற்றித் தகவல் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை, ஆனாலும் சேருகிறது. நூலகத்தில் போனில் எடுத்த புத்தகப் பக்கங்கள், கல்வெட்டுத் தொகுதிகளின் பிடிஎஃப், எனக்கு நானே வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்ட லிங்குகள், செய்தித்தாள் துணுக்கு, ஊர்ப் பெரியவர்கள் பேசியதைப் பதிந்த ஆடியோ, பொதுப்பணித்துறை ஆவணங்கள், கோயில் தலபுராணக் கையேடு என்று ஒன்றோடு ஒன்று ஒட்டாத சாமான்கள். போனில் இருக்கிறது, பென்டிரைவில் இருக்கிறது, மெயிலில் இருக்கிறது. தேவைப்படும்போது மட்டும் இருக்காது.

இதற்காக முதலில் நான் போனது வேறு ஓர் ஆப்பிடம், பெயர் வேண்டாம். மாதச் சந்தா, அழகான முகப்பு, குறிப்பைப் போட்டால் அதுவே படித்து டேக் போட்டுவிடும் என்று விளம்பரம். போட்டது உண்மைதான். வீட்டு மருத்துவ ரிப்போர்ட்டுகளையும் அதில் போட்டிருந்தேன். ஒன்றுக்கு 'உடல்நலம்', இன்னொன்றுக்கு 'ஆரோக்கியம்', மூன்றாவதற்கு 'மருத்துவம்', நாலாவதற்கு 'ஹெல்த்' என்று நாலு டேக். எதைத் தட்டினாலும் கால்வாசிதான் வரும். வேலூரில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் 'பயணம்' என்ற தலைப்பின் கீழ் போய் உட்கார்ந்திருந்தது. ஆடியோவை எழுத்தாக மாற்றித் தரும் வசதியும் உண்டு. ஒரு பெரியவர் "கலிங்கு வழிஞ்சு மூணு வருஷம் ஆச்சு" என்று சொன்னதை அது "கணக்கு வழிஞ்சு" என்று எழுதி, கீழே சுருக்கத்தில் "பேச்சாளர் நிதிக் கணக்குகளைப் பற்றிக் கவலை தெரிவிக்கிறார்" என்று போட்டது. கலிங்கு என்றால் ஏரி நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் இடம், மனுஷன் ஏரி நிரம்பாத கவலையில் பேசுகிறார். சந்தாவை நிறுத்திவிட்டேன்.

டேக் போடுவது ஏன் இப்படிச் சொதப்புகிறது என்று யோசித்தால் காரணம் எளிது. ஒரு குறிப்பு எனக்கு எதற்குப் பயன்படும் என்பது அதைச் சேர்க்கும்போது எனக்கே தெரியாது. மதுராந்தகம் ஏரி பற்றிய பக்கம் ஒருநாள் கோயில் கதைக்கு வேண்டும், இன்னொருநாள் கலிங்கின் அகலத்துக்கு வேண்டும். அதை ஒரு ஃபோல்டருக்குள் மனுஷன் தள்ளினாலும் தப்பு, மெஷின் தள்ளினாலும் தப்பு.

நோட்புக்எல்எம் இந்த அடுக்கும் வேலைக்கே போவதில்லை, அதுதான் எனக்குப் பிடித்த முதல் விஷயம். 2023 மே மாதம் 'ப்ராஜெக்ட் டெயில்விண்ட்' என்ற பெயரில் கூகுள் அறிவித்தது, அதே ஆண்டு ஜூலையில் இப்போதைய பெயர் வந்தது, 2024 ஜூனில் இந்தியா உட்பட 200-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குத் திறந்துவிட்டார்கள். ஒரு நோட்புக் தொடங்கி அதற்குள் மூலங்களைப் போட வேண்டும். பிடிஎஃப், கூகுள் டாக்ஸ், வெப்சைட் லிங்க், யூடியூப் லிங்க், ஆடியோ, அல்லது நேரடியாக ஒட்டிய எழுத்து. அப்புறம் கேள்வி கேட்க வேண்டியதுதான். பொதுவான சாட்பாட்டிலிருந்து இது மாறுபடும் இடம், பதிலை நாம் கொடுத்த மூலங்களிலிருந்தே எடுக்கப் பார்க்கும், ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் ஒரு சின்ன எண் இருக்கும். அந்த எண்ணைத் தொட்டால் எந்த மூலத்தின் எந்தப் பத்தியிலிருந்து எடுத்தது என்று அந்த இடமே வண்ணமடித்துத் திறக்கும். என் கணக்கில் இந்த ஆப்பின் உயிரே அந்த எண்தான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டு எல்லோருக்கும் தெரியும், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருப்பது. பாடப்புத்தகத்தில் படித்தது, உறுப்பினருக்கு வயது 35-க்கு மேல் 70-க்குள். ஏரியைக் கவனித்துக்கொண்ட ஊர்ச்சபைக் குழுவான ஏரி வாரியத்தைப் பற்றி எழுதுவதற்காக "வாரியத்தில் சேர வயது வரம்பு என்ன?" என்று கேட்டேன். பதிலில் இரண்டு வரம்பு வந்தது. முதலாம் பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919-இல் வெட்டியதில் 30-க்கு மேல் 60-க்குள். இரண்டே வருஷம் கழித்து 14-ஆம் ஆட்சியாண்டில், 921-இல் திருத்தி வெட்டியதில் 35-க்கு மேல் 70-க்குள். இரண்டும் என் குறிப்புகளிலேயே இருந்தவை, ஒன்று ஒரு பழைய ஆண்டறிக்கையின் பக்கம், இன்னொன்று வேறு புத்தகத்திலிருந்து தட்டச்சு செய்தது. தனித்தனியாக எத்தனை முறை கடந்து போயிருப்பேனோ, பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. பக்கத்தில் வந்ததும்தான் கேள்வி எழுந்தது, இரண்டு வருஷத்துக்குள் விதியை ஏன் மாற்றினார்கள், 30 வயதுக்காரர்கள் என்ன செய்தார்கள்? அதற்குக் கல்வெட்டில் பதில் இல்லை, ஆப்பும் தானாகக் கதை கட்டாமல் "மூலங்களில் காரணம் குறிப்பிடப்படவில்லை" என்று நிறுத்திக்கொண்டது. சபாஷ் போடலாம்.

இன்னொன்று, நாம் பேசுகிற மொழியிலேயே கேட்கலாம். "ஏரியில் மீன் பிடிக்க விட்ட குத்தகைப் பணத்தை எதற்குச் செலவு செய்தார்கள்?" என்று கேட்டால், பாசிப்பாட்டம் என்று கல்வெட்டு நடையில் இருக்கும் குறிப்புகளைத் தேடி எடுத்து, அந்த வருமானத்தைத் தூர் எடுக்கவும் கரையைப் பலப்படுத்தவும் ஒதுக்கியதைச் சொல்கிறது. சாதாரணத் தேடலில் மீன் என்று அடித்தால் மீன் என்ற எழுத்து இருக்கும் இடம்தான் வரும். இங்கே பொருள் நெருக்கத்தை வைத்துத் தேடுகிறது. உள்ளே நடப்பது, ஒவ்வொரு பத்தியையும் ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றி, கேள்வியின் எண் வரிசைக்கு எது நெருக்கம் என்று பார்ப்பது, பிறகு அந்தப் பத்திகளை மட்டும் மொழி மாடலிடம் கொடுத்துப் பதில் எழுதச் சொல்வது. இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ இதுதான் அடிப்படை.

இது புரிந்தால் எதைக் கேட்கக் கூடாது என்பதும் புரிந்துவிடும். "என் குறிப்புகளில் மொத்தம் எத்தனை ஏரிகளின் பெயர் வருகிறது, எல்லாவற்றையும் பட்டியலிடு" என்று இப்படிப்பட்ட எந்தக் கருவியிடமும் கேட்காதீர்கள், கேட்டாலும் வந்த எண்ணை நம்பாதீர்கள். நெருக்கமான சில பத்திகளை எடுத்து வேலை செய்யும் ஏற்பாடு அது, மொத்தக் குவியலையும் வரி விடாமல் எண்ணிப் பார்க்கும் ஏற்பாடு இல்லை. எண்ண வேண்டுமென்றால் எக்செல் இருக்கிறது, பழைய நண்பன்.

அடுத்தது, எல்லா மூலமும் அதற்கு ஒரே மதிப்புதான். மதுராந்தகம் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1790-களில் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இருந்த செங்கல்பட்டு ஜாகீர் என்ற பகுதியின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் பற்றிக் கம்பெனி ஆவணங்களும் இருக்கின்றன, ஏரிக்கரை உடையும் இரவில் ராமரும் லட்சுமணரும் வில்லோடு கரையில் நின்றதை அவர் கண்டார் என்ற ஏரி காத்த ராமர் கதையும் இருக்கிறது. இரண்டையும் ஒரே நோட்புக்கில் போட்டால் இரண்டும் மூலம்தான், இரண்டுக்கும் எண் வரும். எது ஆவணம், எது நம்பிக்கை என்பதை நாம்தான் சொல்லித் தர வேண்டும். நான் செய்வது, மூலத்தின் பெயரிலேயே முன்னால் 'ஆவணம்', 'கதை', 'கேள்வி', 'செய்தி' என்று ஒரு சொல் சேர்த்துவிடுவது. 'கேள்வி' என்றால் ஆட்கள் சொல்லிக் கேட்டது. இடதுபக்கம் ஒவ்வொரு மூலத்துக்கும் ஒரு டிக் பெட்டி இருக்கிறது, கேட்கும் கேள்விக்குத் தகுந்தாற்போல் 'கதை' எல்லாவற்றையும் டிக் எடுத்துவிட்டுக் கேட்கலாம். இந்த டிக் பெட்டி பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அது பெரிய வசதி.

இப்போது அந்தக் கூலி வேலை. தமிழில் குறிப்பு வைத்திருப்பவர்களுக்குப் பெரிய தலைவலி ஏஐ இல்லை, எழுத்துரு. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடு, டேஸ்16 என்ற இரண்டு எழுத்துக் குறியீட்டு முறைகளையும் தரம் என்று அறிவித்தது. அதற்கு முந்தைய பிடிஎஃப்களும், அதற்குப் பிறகும் பழக்கம் விடாமல் தயாரித்த பலவும் வானவில், பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில்தான் இருக்கின்றன. கண்ணுக்குத் திரையில் அழகான தமிழ் தெரியும். அந்தப் பத்தியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டிப் பாருங்கள், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் நிறுத்தக்குறியும் கலந்த குப்பை விழும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கே அரைப்புள்ளிதான். ஏஐக்குப் போய்ச் சேருவது அந்தக் குப்பை. கோப்பு ஏறிவிடும், பிழை என்று எதுவும் வராது, கேட்டால் மட்டும் "இதுபற்றித் தகவல் இல்லை" என்று பதில் வரும். ஆப் சரியில்லை என்று திட்டுபவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் மாட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அதனால் எந்தத் தமிழ் பிடிஎஃப்பையும் ஏற்றுவதற்கு முன் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்ப்பது என் வழக்கம். தமிழாக விழுந்தால் நேராக ஏற்றலாம். குப்பையாக விழுந்தால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக மாற்ற வேண்டும். எதுவுமே நகலெடுக்க முடியவில்லை என்றால் அது வெறும் படம், ஓசிஆர் செய்ய வேண்டும், அதாவது படத்தில் இருக்கும் எழுத்தைக் கணினியை விட்டுப் படிக்க வைக்க வேண்டும். கூகுள் டிரைவில் ஏற்றி, அந்தப் படக் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து கூகுள் டாக்ஸில் திறக்கச் சொன்னாலே தமிழை ஓரளவு படித்து எழுத்தாக்கிவிடும், காசும் கிடையாது. புதிய அச்சு என்றால் நன்றாகவே வரும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகம் என்றால் கையில் பேனாவோடு உட்காருங்கள். பழைய 'ணை', 'லை', 'றா' வடிவங்கள் எந்த ஓசிஆரையும் தடுமாற வைக்கும். ஒரே பக்கத்தில் இரண்டு நெடுவரிசையாக அச்சிட்டிருந்தால் வரிகள் அப்படியே பக்கவாட்டில் கலந்துவிடும். அடிக்குறிப்பு எண் வாக்கியத்துக்கு நடுவில் ஏறிக்கொண்டு ஆண்டு போலத் தோற்றமளிக்கும். திருத்தாமல் ஏற்றினால் அந்தத் தப்பு, மேற்கோள் எண்ணோடு, மிடுக்காகப் பதிலில் வந்து நிற்கும். ஆமாம், இதற்கு நேரம் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் செய்ய வேண்டியதில்லை, அடிக்கடி திரும்பும் புத்தகங்களுக்குச் செய்தால் போதும்.

வாட்ஸப் குவியலை உள்ளே கொண்டுவருவது இதைவிட எளிது. உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொள்ளும் சாட்டைத் திறந்து, மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஒரு டெக்ஸ்ட் கோப்பு கிடைக்கும், மீடியா வேண்டாம் என்று தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு வரியிலும் தேதி இருக்கும் என்பதால் "போன தீபாவளி சமயத்தில் நான் சேமித்த தூர்வாரல் செய்தி எது?" என்ற கேள்விக்கெல்லாம் வழி உண்டு. ஒரு குறை, லிங்க் என்றால் முகவரி மட்டும்தான் அந்தக் கோப்பில் இருக்கும், உள்ளே இருந்த கட்டுரை இருக்காது. முக்கியமானதைத் தனி மூலமாகச் சேர்க்க வேண்டும். அதிலும் சந்தா கட்டிப் படிக்கும் பக்கங்கள் வராது, யூடியூப் என்றால் சப்டைட்டில் உள்ள வீடியோவின் எழுத்து மட்டும்தான் வரும்.

அந்தரங்கம் பற்றிக் கேட்பீர்கள். ஏற்றியதை வைத்து மாடலைப் பழக்குவதில்லை என்று கூகுள் சொல்கிறது. பதிலுக்குக் கீழே கட்டைவிரல் காட்டிக் கருத்து அனுப்பினால், தனிப்பட்ட கணக்கு என்றால் அதை ஆட்கள் பார்க்கக்கூடும் என்றும் சொல்கிறது. நான் கட்டைவிரல் பக்கம் போவதில்லை. ஆதார், பட்டா, பத்திரம், வங்கிக் கணக்கு, வீட்டாரின் மருத்துவ ரிப்போர்ட் எதையும் ஏற்றுவதில்லை. முன்பு சொன்ன அந்த ஆப்பில் போட்ட ரிப்போர்ட்டுகளையும் அழித்துவிட்டேன், அவை இப்போது அலமாரியில் ஒரு ஃபைலில் இருக்கின்றன, தேடினால் உடனே கிடைக்கிறது. ஊர்க்காரர்கள் பேசிய ஆடியோவும் அப்படித்தான். அவர்கள் என்னை நம்பிப் பேசினார்கள். யார் ஏரி உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்க வேண்டிய இடத்தில், வீடு கட்டியிருக்கிறார்கள் என்று பெயரோடு சொல்வார்கள். பெயர்களை எடுத்துவிட்டு நானே தட்டச்சு செய்த எழுத்தை மட்டும் ஏற்றுகிறேன். ஆடியோவை நேரடியாக ஏற்ற வசதி இருக்கிறது என்பதற்காக ஏற்ற வேண்டுமா என்ன.

இன்னொரு விஷயத்தில் நான் பிடிவாதம். மூலக் கோப்பு எதையும் ஆப்பில் மட்டும் வைப்பதில்லை. 2007-இல் தொடங்கி லட்சக்கணக்கானவர்கள் கட்டுரை சேமித்த பாக்கெட் சேவையை மொசில்லா 2025 ஜூலை 8-ஆம் தேதி மூடிவிட்டது. அதே மாதிரிக் கட்டுரை சேமிக்கும் ஆம்னிவோர் 2024 நவம்பரில் போனது. குறிப்பு ஆப்பான எவர்நோட் 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரே ஒரு நோட்புக் என்று கட்டிவிட்டது. கூகுளும் தன் சொந்தச் சேவைகளை மூடுவதற்குக் கூச்சப்பட்டதில்லை, வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை இழந்தவர்கள் இன்னும் புலம்புகிறார்கள். ஆகவே எல்லாம் முதலில் என் கணினியில் சாதாரண டெக்ஸ்ட் கோப்பாகவும் பிடிஎஃப்பாகவும் ஒரு ஃபோல்டரில் போய் விழும், அங்கிருந்துதான் நோட்புக்எல்எம்முக்கு ஒரு நகல். நாளைக்கு வேறு நல்ல கருவி வந்தால் அதே ஃபோல்டரை அங்கே கொடுத்துவிடலாம்.

எதையுமே வெளியே அனுப்ப விருப்பம் இல்லாதவர்களுக்கு அப்சிடியன் என்ற குறிப்பு ஆப் இருக்கிறது. குறிப்புகள் உங்கள் கணினியிலேயே மார்க்டவுன் என்ற எளிய டெக்ஸ்ட் கோப்புகளாக இருக்கும், இலவசம், ப்ளகின்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) மூலம் கணினியிலேயே ஓடும் மாடலை இணைக்கலாம். ஆனால் அதற்கு ஓரளவு நல்ல கணினி வேண்டும், பொறுமை வேண்டும், சாதாரணக் கணினியில் ஓடும் சின்ன மாடல்கள் பலவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பழக்கப்பட்டவை. முழுக்கத் தமிழ்க் குறிப்பு வைத்திருப்பவருக்கு இன்றைய நிலையில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நோட்புக்எல்எம் பிரபலமானதே 2024 செப்டம்பரில் வந்த ஆடியோ வசதியால்தான், இரண்டு பேர் ரேடியோவில் உரையாடுவது போல நம் குறிப்புகளைப் பேசிக் காட்டும். 2025 ஏப்ரலிலிருந்து தமிழிலும் கேட்கலாம். முதல்முறை கேட்கும்போது ஆச்சரியம்தான். எனக்கு ஒத்துவரவில்லை. எண்ணைத் தொட்டு மூலத்துக்குப் போகும் வசதி காதில் கிடையாது, நான் இந்த ஆப்பை வைத்திருப்பதே அதற்குத்தான். புதிய விஷயத்துக்கு அறிமுகமாகப் பேருந்தில் கேட்டுக்கொண்டு போக விரும்புபவர்களுக்குப் பிடிக்கும். மைண்ட்மேப் போட்டுத் தரும், பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

காசு கொடுக்க வேண்டுமா என்று கேட்டால், எனக்கு இதுவரை தேவைப்படவில்லை. இலவசக் கணக்கில் 100 நோட்புக், ஒவ்வொன்றிலும் 50 மூலம், நாளுக்கு 50 கேள்வி என்று வந்தார்கள். கூகுள் ஏஐ ப்ரோ சந்தாவில் ஒரு நோட்புக்குக்கு 300 மூலம், இந்தியாவில் மாதம் 1,950 ரூபாய் என்று விலை வைத்தார்கள், 2025 அக்டோபரில் ஜியோ வாடிக்கையாளர்களுக்கு 18 மாதம் இலவசம் என்று ஓர் அறிவிப்பும் வந்தது, உங்கள் எண்ணுக்கு உண்டா என்று மைஜியோவில் பார்த்துக்கொள்ளுங்கள். 50 மூலம் போதாது என்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. ஒரு மூலம் 5 லட்சம் சொல் வரை தாங்கும், அரைப்பக்கக் குறிப்பை எல்லாம் தனித்தனியாக ஏற்றி இடத்தை வீணாக்காமல், ஏரி வாரியாக ஒரே கூகுள் டாக்ஸில் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் மேலே எங்கிருந்து எடுத்தது, எந்தப் பக்கம், என்றைக்கு என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். டாக்ஸில் புதிதாகச் சேர்த்த பிறகு நோட்புக்கில் அந்த மூலத்தைத் திறந்து சிங்க் பொத்தானைத் தட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பழைய நகலை வைத்துக்கொண்டுதான் பதில் சொல்லும்.